சொந்த நிலம் உள்ளவர்கள்

வருஷக்கணக்கில் தொண்டை கிழியக் கத்தி வாங்கிய சட்டம் அது. மண்ணைக் கெடுக்காமல் பயிர் செய்கிறவர்களின் விளைச்சலை அரசாங்கமே கட்டுப்படியாகிற விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் கேட்டார்கள். இந்தச் சின்ன நியாயத்துக்கு எத்தனை படி ஏறி இறங்க வேண்டியிருந்தது, போங்கள்.

விவசாயிகள் சங்கத்துக்குச் செயலாளர் அவள்தான். கடைசிப் பேச்சுவார்த்தைக்கு அவளையும் சங்கத் தலைவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். ஏசி அறை, வழவழவென்று மேசை, மூச்சுக்கு முந்நூறு தடவை "உழவர் பெருமக்கள்" என்று சொல்லும் அமைச்சர். டீக்கு மட்டும் குறைச்சல் இல்லை. எல்லாம் பேசி முடித்த பிறகு அமைச்சர் மெல்லக் கையை விரித்தார். சொந்த நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் என்றால் இன்றைக்கே முடித்துவிடலாம், குத்தகைக்காரர்களையும் சேர்த்தால் நிதித்துறை ஒத்துக்கொள்ளாது, அப்புறம் சட்டமே இல்லை என்றார். தலைவர் உடம்புக்கு முடியாதவர். நீயே பார்த்து முடிவு பண்ணம்மா என்று அவள் தலையில் கட்டிவிட்டார்.

அவள் அண்ணன் குத்தகைக்காரன்.

அப்பாவின் வைத்தியத்துக்கு நிலத்தை விற்றதிலிருந்து அடுத்தவர் வயலில்தான் அவன் பாடு. போன வருஷம் அவள்தான் அவனிடம் போய் நின்றாள். சொந்த அண்ணனே பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தால் நான் எந்த முகத்தோடு ஊருக்குச் சொல்வது என்று கேட்டாள். மறுபேச்சில்லாமல் நிறுத்தினான். விளைச்சல் பாதியாக விழுந்தது. அண்ணி இவளோடு பேசுவதையே விட்டுவிட்டாள். அடுத்த போகத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நிலத்துக்காரர் சொன்னபோது, சட்டம் வந்துவிடும், நல்ல விலை கிடைக்கும் என்று அவர் கையைக் காலைப் பிடித்துத் தவணை வாங்கியிருந்தான்.

இத்தனை பேருக்குக் கிடைக்கிறதே, மற்றவர்களை அடுத்த வருஷம் சேர்க்கப் போராடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு அவள் கையெழுத்துப் போட்டாள். வேறு என்ன செய்திருக்கலாம் என்று என்னைக் கேட்டால் எனக்கும் தெரியாது. வயிறு எரிகிறது, அவ்வளவுதான்.

வெளியே ஒரே கொண்டாட்டம். அண்ணன் விடியும்முன்னே லாரியில் தொற்றிக்கொண்டு இரண்டு கூடை தக்காளியோடு வந்திருந்தான். மருந்தே படாதது, சும்மா தின்னுங்க சார் என்று போலீஸ்காரர்கள் கையில்கூடத் திணித்துக்கொண்டிருந்தான். தங்கையைக் கண்டதும் ஒன்றைச் சட்டையில் துடைத்து நீட்டினான்.

அவள் அவனை மதிலோரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. அவன் புரியாமல் இரண்டு தடவை கேட்டான்.

"அப்ப நான் விவசாயி கணக்குல வரமாட்டேனா?"

அடுத்த வருஷம் என்று ஆரம்பித்தாள். அடுத்த வருஷம் அந்த வயல் அவனிடம் இருக்காது என்பது இருவருக்குமே தெரியும்.

"கையெழுத்துப் போடும்போது என் ஞாபகம் வந்துச்சாம்மா?"

அண்ணனிடம் அவள் பொய் சொன்னதே இல்லை.

"வந்துச்சுண்ணா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மறந்துட்டேன்னு சொல்லியிருக்கலாம்."

மேடையிலிருந்து அவளைப் பேசக் கூப்பிட்டார்கள். போம்மா, உன்னைத்தான் கூப்பிடுறாங்க என்று தன் துண்டால் அவள் முகத்தைத் துடைத்து அனுப்பினான். மேடையேறி மைக்கைப் பிடித்துக்கொண்டு அவனைத் தேடினாள். முன்வரிசையில் இல்லை, மதிலோரத்திலும் இல்லை. இத்தனை வருஷத்தில் அவள் பேச்சைக் கேட்காமல் அவன் போனது அன்றைக்குத்தான்.