கூடாரத்துக்கு வந்த கதவு

மூன்று நாளாக விடாத மழை. எங்கள் தேயிலை எஸ்டேட்டின் லைன் வீடுகளுக்குப் பின்னால் இருந்த மேட்டில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருந்தது. எங்கள் பன்னிரண்டு குடும்பங்களையும் காலையிலேயே எஸ்டேட் மைதானத்துக்கு இறக்கி, நீலத் தார்ப்பாயில் கூடாரம் போட்டுக் கொடுத்தார்கள். என் மாமனார் முத்துவேல் மட்டும் வரவில்லை.

வீட்டைக் காலி செய்தால் நிர்வாகம் பூட்டுப் போட்டுவிடும் என்பது அவர் பயம். பிடித்தால் பிடித்த பிடிதான், அந்த மனிதருக்கு. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் என் கணவர் ஐந்து முறை போன் செய்துவிட்டார்.

"அப்பாவக் கூட்டிட்டு வந்துட்டியா விஜயா?"

"வந்துட்டாரு" என்று பொய் சொன்னேன். ஏதாவது ஆகிவிட்டால் இந்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

பதினோரு மணிக்கு மேட்டிலிருந்து நாலைந்து தேயிலைச் செடிகள் வேரோடு சரிந்தன. நான் மேலே ஓடினேன். மாமா வாசற்படியில் உட்கார்ந்து சாவகாசமாக வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, எந்திரிங்க. உங்க மகனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நீ போ புள்ள. இலங்கையிலேருந்து எங்கள இந்தியாவுக்கு அனுப்புனப்ப, லயத்து ஊட்ட விட்டு நாங்க பத்து எட்டு வைக்கல, கங்காணி பூட்டுப் போட்டுட்டான். கப்பல் எறங்குனதும் மண்டபம் கேம்புல ரெண்டு நாளுன்னாங்க. மூணு மாசம் கெடந்தோம். கேம்புக்குப் போனவனுக்கு ஏது ஊடு?"

பத்து வயதில் பார்த்தது அவருக்கு இன்னும் ஆறவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. உள்ளே போய், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துவந்து, கதவுக் கீலில் கொடுத்து நெம்பினேன். உளுத்த மரம், சுலபமாகப் பெயர்ந்தது.

"ஏய், என்னா செய்யிற?"

"கதவே இல்லாட்டி எதுல பூட்டுவாங்க?"

கதவை முதுகில் ஏற்றிக்கொண்டு வழுக்கி வழுக்கி இறங்கினேன். பின்னாலேயே அவர் என் பிறந்த வீட்டையும் சேர்த்துத் திட்டிக்கொண்டு வந்தார். சத்தம் கேட்கிறதா, நின்றுவிட்டதா என்று காதைத் தீட்டிக்கொண்டே நடந்தேன். திட்டு வாங்க அவ்வளவு ஆசைப்பட்டது அன்றைக்குத்தான்.

கூடாரத்தின் ஈரத்தரையில் கதவைப் போட்டு, அதன் மேல் அவரை உட்கார வைத்தேன். டீயை ஒரு வாய் குடித்திருப்பார். மேலே லாரியிலிருந்து கல் கொட்டுவதுபோல் பெரும் சத்தம். எல்லோரும் வெளியே ஓடினோம். எங்கள் வீடு இருந்த இடத்தில் செம்மண்தான் குவிந்து கிடந்தது.

மாமா உயிரோடு இருக்கிறார் என்று எனக்கு ஒரு அழுகை, வீடு போயிற்றே என்று ஒரு அழுகை. அவர் அழவில்லை. கூடாரத்துக்குள் திரும்பிப் போய்க் குந்தி, கதவில் அப்பியிருந்த சேற்றைத் தோள்துண்டால் துடைத்தார். பிறகு, பின்னாலேயே போய் நின்ற என்னை அண்ணாந்து பார்த்தார்.

"இத இனி எங்க மாட்டுறது, புள்ள?"