உதடு ஒட்டாத வசனம்

படம் தியேட்டரில் ஓடியது ஐந்து நாள். ஆறாம் நாள் பெரம்பலூரில் போஸ்டரின் மேலேயே வேறு படத்தின் போஸ்டரை ஒட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் 'சுண்ணாம்புக் காடு' ஓடவே ஆரம்பித்தது. முதலில் கேபிளில், பிறகு திருட்டு சி.டி.யில், இப்போது யூடியூபில். இருபது வருடமாக அரியலூர் பெரம்பலூர் பக்கம் அது நிற்கவில்லை.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. சுரங்க லாரிகளில் டீசல் திருடும் ஐந்து பேர். நாலு பேர் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். மிஞ்சுகிறவன் தலைவன், கரிச்சான். கடைசியில் அவன் லாரி சுரங்கக் குழியின் விளிம்பில் நிற்கிறது, சுற்றிலும் எதிரிக் கூட்டம். "எறங்குடா" என்று கத்துகிறார்கள். கரிச்சான் கண்ணாடி வழியாக அவர்களைப் பார்த்து, "நான் இன்னும் எறங்கல" என்கிறான். லாரி குழிக்குள் பாய்கிறது. அவ்வளவுதான் படம். அந்த மூன்று வார்த்தை இன்றைக்கும் டிப்பர்களின் பின்பலகையில் இருக்கிறது, பனியனில் இருக்கிறது, கல்யாண பேனரில்கூட இருக்கிறது.

கலையரசன் இந்தப் படத்தை ஒரு ராப் ஆல்பமாக ஆக்கிக்கொண்டிருந்தான். பத்து ட்ராக். கூட்டத்தில் ஆளுக்கு ஒரு பாட்டு, ஆளுக்கு ஒரு குரல், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரே கதை. அவன் இன்ஜினியரிங் மூன்றாம் வருடத்தோடு நின்றவன். ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் பேக்கிங் செக்ஷன், ராத்திரி ஷிப்ட். காலையில் ஷிப்ட் முடிந்ததும் பஸ் பிடித்து லப்பைக்குடிக்காடு போவான். அங்கே பீட் போட்டுக்கொடுக்கும் நண்பன் சஃப்வான் வீட்டு மாடி அறைதான் ஸ்டுடியோ. சஃப்வானுடைய அத்தா சவுதியிலிருந்து ஒவ்வொரு தடவையும் கொண்டுவந்த கம்பளிகள் சுவர் முழுக்க ஆணியில் தொங்கின. புலி படம், மயில் படம், ரோஜாப் படம். வெளிச்சத்தம் உள்ளே வராது என்பது சஃப்வானின் நம்பிக்கை. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போது மட்டும் ரெக்கார்டிங்கை நிறுத்திக்கொள்வார்கள்.

படத்தின் அனுமதியை யாரிடமும் வாங்கவில்லை. டைரக்டர் செத்துப்போயிருந்தார். தயாரிப்பாளர் யாரென்றே கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்க ஆளில்லாததால் கேட்கவில்லை.

ஆறு பாட்டு முடிந்திருந்தது. முதல் பாட்டில்,

'சோத்துல தூசி, சொக்காயில தூசி,
சாமி கும்புட்டு நிமிந்தா நெத்தியில தூசி'

என்று வரும் இடம் சஃப்வானுக்கு ரொம்பப் பிடிக்கும். ஏழாவது, கரிச்சான் லாரிக்குள் தனியாக இருக்கும் பாட்டு. அது மட்டும் வரவில்லை.

"அஞ்சு பேரும் கெத்து காட்டி முடிச்சிட்டானுங்க," என்றான் சஃப்வான். "ஏழுலயும் கெத்துதானா? எனக்கே கொட்டாவி வருதுடா."

"எனக்கு மட்டும் என்ன, வெர்ஸ் கொட்டுதா?"

"சீக்கிரம் கொட்டச் சொல்லு. அடுத்த மாசம் நான் சவுதியில, தம்மாம்ல இருப்பேன். அங்க வந்து கொட்டாத."

கலையரசன் அந்தக் கடைசிக் காட்சியைச் சத்தமில்லாமல் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். முப்பது தடவைக்கு மேல் பார்த்த பிறகு ஒன்று உறுத்தியது. ராப் எழுதுகிறவனுக்கு வாய்தான் தொழில். 'ம', 'ப' சொல்லும்போது உதடு ஒட்டும். 'நான் இன்னும் எறங்கல' என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் ஒரு தடவைதான் ஒட்டும். திரையில் கரிச்சானின் உதடு இரண்டு தடவை ஒட்டியது. வசனம் முடிந்த பிறகும் வாய் அசைந்துகொண்டிருந்தது. அந்த ஆள் வேறு எதையோ சொல்கிறான்.

கரிச்சானாக நடித்தவர் நடிகர் இல்லை. அரியலூர் டிப்பர் டிரைவர் செல்லமுத்து. ஷூட்டிங்குக்கு வண்டி ஓட்டப் போனவரின் முகத்தைப் பார்த்து டைரக்டர் அவரையே நடிக்க வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் நடிக்கவில்லை. இன்றும் டிப்பர்தான். அவருடைய குரல் ஒல்லியானது. படத்தில் பேசியது சென்னையில் யாரோ. லாரி ஸ்டாண்டில் எல்லாருக்கும் இது தெரியும், யாரும் கண்டுகொள்வதில்லை. ஸ்டாண்டில் தகராறு என்றால் செல்லமுத்து போய்ப் பக்கத்தில் நிற்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். தகராறு அடங்கிவிடும்.

ஆல்பத்தில் அவரே அந்த வசனத்தைச் சொல்ல வேண்டும் என்று கூப்பிட்டார்கள். லோடு இல்லாத ஒரு நாள் காலையில் வந்தார். கம்பளிப் புலியைப் பார்த்துச் சிரித்தார். சஃப்வானின் அம்மா நஜ்முன்னிசா டீ கொடுத்தனுப்பினாள். மைக் முன்னால் உட்கார்ந்து நாலு தடவை சொன்னார். நாலும் ஒட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோல இருந்தது.

"வுடுங்கண்ணே, டீ ஆறுது," என்றான் கலையரசன். பிறகு, "ஒரு சந்தேகம். கோச்சுக்கக் கூடாது," என்று உதட்டு விஷயத்தைச் சொன்னான்.

செல்லமுத்து டம்ளரைக் கீழே வைத்தார். "நீ போலீசுக்குப் போயிருக்கணும்டா தம்பி."

"என்னண்ணே சொன்னீங்க அன்னிக்கு?"

"'கால் நடுங்குதுப்பா, எறங்க முடியல'ன்னேன். பக்கத்துல ஒரு அசிஸ்டெண்ட் நின்னான், அவன்கிட்ட சொன்னேன். கேமரா ஓடுனது தெரியாது. டைரக்டர் ஓடியாந்து, 'இந்த மூஞ்சிதான்யா வேணும்'னு கட்டிப்புடிச்சாரு. அப்பறம் டப்பிங்ல அவங்க இஷ்டத்துக்குப் போட்டுக்கிட்டாங்க."

சஃப்வானுக்குச் சிரிப்பு வந்தது. "கரிச்சானுக்கே கால் நடுங்குச்சா?"

செல்லமுத்து சிரிக்கவில்லை. இருபது வருடமாக யாரும் கேட்காததைக் கேட்டுவிட்டதாலோ என்னவோ, பேச ஆரம்பித்துவிட்டார்.

"அதுக்கு ரெண்டு மாசம் முந்தி, வேற ஒரு குழியில, ஓரத்து மண்ணு சரிஞ்சுது. என் க்ளீனர் அரியமுத்து அதுலதான் போனான். வண்டி என்னைய வெளிய தூக்கி வீசுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். வீசல. நான் குதிச்சுட்டேன். அவன் தூங்கிட்டிருந்தான்."

செல்லமுத்து நிமிர்ந்து மைக்கைப் பார்த்தார். "இது ஓடுதா இப்ப?"

"ஓடுதுண்ணே."

"அழிச்சுடு. அவன் பொண்ணு புவனேஸ்வரிக்கு வைகாசியில கல்யாணம். அவன் போறப்ப அது கைக்குழந்தை. என் மடியில வச்சுத்தான் காது குத்துனாங்க. சடங்குக்கு நாந்தான் மாமன் சீர் கொண்டு போனேன். அவன் பொஞ்சாதி அம்பிகாவுக்குக் கூடப்பொறந்த ஆம்பளயில்ல. அண்ணே அண்ணேன்னு என்னையத்தான் கூப்புடுது. கல்யாணத்துலயும் மாமன் மாலை நாந்தான் எடுத்துக் குடுக்கணும். வெளங்குதா?"

"வெளங்குதுண்ணே. இதோ அழிச்சுடுறோம்," என்றான் கலையரசன்.

சஃப்வான் மவுசை எடுத்தான். கலையரசன் அவன் காலை மிதித்தான். சஃப்வான் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஃபைலை மூடினான். திரை காலியானது. மூடுவதற்கும் அழிப்பதற்கும் உள்ள வித்தியாசம் செல்லமுத்துவுக்குத் தெரியாது. நிம்மதியாகப் படியிறங்கிப் போனார்.

அவர் பைக் சத்தம் மறைந்ததும் சஃப்வான் திரும்பினான். "அது அமானிதம்டா. நம்பி ஒப்படைச்சது. அதுல கை வச்சா உருப்பட மாட்டோம்."

"பேரு சொல்லப்போறதில்ல. ஊரு சொல்லப்போறதில்ல."

"குரலு?"

"அந்தக் குரலு யாருக்குத் தெரியும்? ஊரே கேட்டது வேறவன் குரலத்தான்."

"ஸ்டாண்டுல தெரியும். அந்த அம்பிகாம்மாவுக்குத் தெரியும்."

கலையரசனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் செய்தான். மூன்று வருடமாக எழுதியதில் உயிருள்ள ஒன்று இப்போதுதான் கையில் கிடைத்திருந்தது. அதுவும் அவன் எழுதியது இல்லை. இதை விட்டால் அவன் முன்னால் இருப்பது பேக்கிங் செக்ஷன், சாகிற வரைக்கும். அதைவிட ஒரு ஆளுக்குக் கொடுத்த வாக்கு பெரிது என்று அவனால் நினைக்க முடியவில்லை. நினைத்துப் பார்த்தான். முடியவில்லை.

ஏழாவது பாட்டின் தலையில் அந்தப் பதினோரு விநாடியை வைத்தார்கள். 'வீசல. நான் குதிச்சுட்டேன். அவன் தூங்கிட்டிருந்தான்.' பிறகு பீட் இறங்கும். வெர்ஸ் இரண்டே நாளில் வந்தது. சஃப்வான் அதை மூன்று தடவை போட்டுக் கேட்டான். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து, "ஹூக் இல்லடா. கூடப் பாடுற மாதிரி ஒண்ணு வேணும்," என்றான்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வரும் பஸ்ஸிலேயே கலையரசன் அதை எழுதினான்.

'ஓரம் சரியுது, எந்திரிடா,
ஒத்த நொடிதான், எந்திரிடா,
கதவு தொறக்குது, எந்திரிடா,
கத்துறேன் கேக்குதா, எந்திரிடா.'

"கத்துனேன்னு அவரு சொல்லவே இல்லியே," என்றான் சஃப்வான்.

"ஹூக் வேணும்னு நீதான கேட்ட?"

சஃப்வான் தோளைக் குலுக்கிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

பங்குனிக் கடைசியில் ஆல்பத்தை ஏற்றினார்கள். நாலு நாளில் சஃப்வான் தம்மாம் போய்விட்டான். மற்ற ஒன்பது பாட்டையும் கேட்டவர்கள் அதிகமில்லை. ஏழாவது மட்டும் தீப்பிடித்தது. ரீல்ஸில் போட்டார்கள், ஸ்டேட்டஸில் வைத்தார்கள், ஜெயங்கொண்டம் பஸ்ஸில் டிரைவரே போட்டார். 'எந்திரிடா' வரும்போது பின் சீட்டில் எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். ஆலையில் சூப்பர்வைசர் முதல்முறையாகக் கலையரசனின் பெயரைச் சரியாகச் சொன்னார். இரண்டாம் வாரம் வாட்ஸப்பில் அந்தப் பாட்டு அவனுக்கே வந்தது. கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: 'இது நம்ம செல்லமுத்து அண்ணன் குரல். கேட்டுப் பாருங்க. அரியமுத்து மேட்டர்.'

அவன் லாரி ஸ்டாண்ட் பக்கம் போகவில்லை. போன் வரும் என்று பயந்தான். வரவில்லை. சித்திரை போனது, வைகாசி வந்தது.

ஒரு காலை ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது எடை மேடைக்கு முன்னால் டிப்பர்கள் வரிசையில் நின்றன. ஆறாவது வண்டியில் செல்லமுத்து இருந்தார். பார்க்காததுபோல நடந்துவிடலாம் என்று கலையரசன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஏறு தம்பி," என்று கதவைத் திறந்துவிட்டார்.

ஏறினான். அடிப்பாரா என்று யோசித்தான். அடித்தால் தேவலை என்றிருந்தது. அவர் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு முன் வண்டியைப் பார்த்தபடியே பேசினார்.

"அம்பிகா கூப்புட்டுச்சு. உடையார்பாளையம் போனேன். செல்போன கையில வச்சுக்கிட்டு நின்னுச்சு. பாட்டப் போட்டுச்சு. ரெண்டு பேரும் நின்னுகிட்டே முழுசும் கேட்டோம்."

கலையரசன் கதவுப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.

"ஏன் பொய் சொன்னீங்கன்னு கேக்கும்னு நெனச்சேன். அதக் கேக்கல. ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு. 'இதுல வர்ற மாதிரி அவர எழுப்புனீங்களாண்ணே'ன்னுச்சு."

கலையரசன் சட்டென்று நிமிர்ந்தான். தன்னையறியாமல் அந்த ஆளுக்குத் தப்பிக்க ஒரு வழி விட்டு வைத்திருக்கிறோம் என்று தோன்றியது. "ஆமான்னு சொல்லியிருப்பீங்களே?"

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். நல்லாத்தான் எழுதியிருக்க. நாலு தடவ கத்துற மாதிரி. எனக்கே நான் கத்துனாப்புலதான் இருந்துச்சு." அவர் கண்ணாடியில் படிந்திருந்த தூசியைத் துணியால் துடைத்தார். தூசி வெளிப்பக்கம் இருந்தது. போகவில்லை. "இல்லம்மான்னேன்."

"ஏண்ணே?"

"தெரியல. ரொம்ப நாளாச்சு எனக்கு, நானாப் பேசி."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"'அதானே பாத்தேன்'னுச்சு. 'பேரச் சொன்னாலே எந்திரிச்சுடுவாரே, கோழித் தூக்கம் அவருக்கு'ன்னுச்சு. உள்ள போயிடுச்சு. கதவச் சாத்தல. தொறந்தேதான் கெடந்துச்சு. நாந்தான் வந்துட்டேன்."

வரிசை நகர்ந்தது. அவர் கியரைப் போட்டு ஒரு வண்டி தூரம் நகர்த்தி நிறுத்தினார்.

"கல்யாணம்?" என்று கேட்டான்.

"நேத்து முடிஞ்சுது. ஜெயங்கொண்டத்துல. மாலைய அம்பிகாவோட பெரியப்பா மவன் யாரோ எடுத்துக் குடுத்தானாம்."

"நான் அந்தப் பாட்ட எடுத்துடுறேண்ணே. இன்னிக்கே எடுத்துடுறேன்."

"எதுக்கு? எடுத்தா அது கேக்காததா ஆயிடுமா? நான் குதிச்சது இருக்கட்டும். அவன் தூங்குனதும் இருக்கட்டும். அந்த எந்திரிடா மட்டும் வேணாம். நான் அத சொல்லல."

கலையரசன் தலையாட்டினான். மன்னிப்புக் கேட்க நினைத்தான். அந்த வார்த்தையை இந்த கேபினுக்குள் சொல்ல அசிங்கமாக இருந்தது. அடுத்த வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

அன்றைக்கே சஃப்வானுக்குச் செய்தி அனுப்பினான். தம்மாமிலிருந்து குரல் பதிவு வந்தது, பின்னால் ஏதோ மெஷின் சத்தம். "ஹூக்க எடுத்தா பாட்டு நிக்காதுடா. அந்த இருபது விநாடி எடத்துக்கு என்ன போடட்டும்?"

"ஒண்ணும் போடாத."

"பீட்?"

"பீட்டும் வேணாம்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து சஃப்வான் அதைச் செய்து அனுப்பினான். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றினார்கள். வெர்ஸ் முடிந்ததும் இருபது விநாடிக்கு ஒன்றுமே இல்லை. பிறகு அடுத்த வெர்ஸ். முதல் வாரம் பத்தொன்பது பேர் கேட்டார்கள். அதில் ஒருவன், 'ப்ரோ, நடுவுல ஆடியோ கட் ஆகுது, செக் பண்ணுங்க,' என்று எழுதியிருந்தான். பழையது ஊரெல்லாம் செல்போன்களில் கிடந்தது. அதை யாராலும் எடுக்க முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் டி.ஜே. அதைப் போட, மாப்பிள்ளையின் நண்பர்கள் கையைத் தூக்கி 'எந்திரிடா, எந்திரிடா' என்று ஆடிக்கொண்டிருந்தார்கள். கலையரசன் ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்தான். பாட்டு முடிந்ததும் அவர்கள் அதையே மறுபடியும் போடச் சொன்னார்கள்.