பரிசீலனையில் இருந்த கைகள்

நகரசபைக் கூட்டத்தில் கேள்வி கேட்கக் குழந்தைகள் உயர்த்திய கைகள், கூட்டம் முடிந்த பிறகும் கீழே இறங்கவில்லை. சபையில் குழந்தைகளுக்கும் இடம் தர வேண்டுமென்று தீர்மானம் போட்டவர் தலைவர்தான். முன்வரிசையில் சின்ன நாற்காலிகள், ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலம், ஒரு புகைப்படம், அத்தோடு வேலை முடிந்தது என்று கணக்குப் போட்டிருந்தார். குழந்தைகளோ கேள்விகளோடு வந்திருந்தார்கள். பெரியவர்களிடம் சொல்லிச் சொல்லி நாக்கில் பழகிய பதிலையே அவர்களிடமும் சொன்னார்: "பரிசீலனையில இருக்கு." உயர்ந்த கைகள் உயர்ந்தபடியே வீட்டுக்குப் போயின.

ஊர் முதலில் அலறியது, பிறகு சமாளித்தது. எலும்பில் கோளாறில்லை என்று எழுதிக் கொடுத்து மருத்துவர் கைகழுவிவிட்டார். தையல்காரர் தோளில் பொத்தான் வைத்த சட்டைகளைத் தைத்தார். தன்னைத்தான் நிறுத்தச் சொல்கிறார்கள் என்று நினைத்துப் பேருந்து ஓட்டுநர் கண்ட இடத்திலெல்லாம் வண்டியை நிறுத்தி, பயணிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பூங்கா விளக்கு எப்போது எரியும் என்று கேட்டிருந்த பையனை மின்பணியாளர் ஒருநாள் வழியில் பார்த்து, "இந்த வருஷம் எரியாதுப்பா, பல்பு வாங்கவே இல்ல" என்று உள்ளதைச் சொன்னார். அந்தக் கை அங்கேயே தொப்பென்று விழுந்தது. அதன்பின் உறுப்பினர்கள் வீடு வீடாக ஓடி உண்மையைச் சொன்னார்கள். ஒரு வாரத்தில் எல்லாக் கைகளும் இறங்கின, தலைவரின் மகளுடையதைத் தவிர.

பள்ளிக்கூடத்தின் பின்சுவர் மழையில் விழுந்துவிடுமா என்பது அவள் கேள்வி. அவள் வகுப்பு அந்தச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. சுவரைக் கட்டியவர் தலைவரின் மைத்துனர். "விழாதுடா கண்ணு" என்று தலைவர் சோறு ஊட்டும்போது சொன்னார், பள்ளி வாசலில் சொன்னார், பொறியாளரைக் கூட்டிவந்தும் சொல்ல வைத்தார். கை அசையவில்லை. அவள் தெருவில் நடந்தால் ஜன்னல்கள் திறந்தன, எல்லோரும் அவள் கையைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தார்கள். சாயங்காலம்தோறும் மேகம் கறுத்தது. அவள் விரல்நுனிகள் வெளுத்துக்கொண்டே வந்தன.

"அவ விரல் வெளுக்கறதப் பாத்தீங்களா?" என்றாள் மனைவி. "என் தம்பி மூஞ்சியப் பாக்காதீங்க. பிள்ளை மூஞ்சியப் பாருங்க."

தலைவர் பயந்தது மைத்துனருக்காக அல்ல, நாற்காலிக்காக. அது அவருக்கே தெரிந்திருந்தது.

அடுத்த கூட்டத்தில், கூரையில் முதல் தூறல் விழுந்த சத்தம் கேட்டதும் எழுந்தார். "விழும்மா. விரிசலுக்குள்ள மணிக்கட்டு வரைக்கும் என் கை போச்சு. தெரிஞ்சேதான் சுவர் நல்லாருக்குன்னு கையெழுத்துப் போட்டேன்."

மகளின் கை மெல்ல இறங்கி மடியில் அமர்ந்தது. சபை மூச்சு விட்டது. அவள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். கை மறுபடி உயர்ந்தது.

"அப்ப ஏம்ப்பா என்னைத் தினமும் அங்க கொண்டுபோய் விட்டீங்க?"

மறுநாள் காலை பள்ளியை மூடிவிட்டு, மழை வலுக்கும் முன் சுவரை இடித்தார்கள். தலைவர் பதவி போயிற்று, மைத்துனர் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். மகள் வளர்ந்து இப்போது உயர்ந்த கையோடே கல்லூரிக்குப் போகிறாள். பேருந்தில் அவள் தலைக்கு மேல் கம்பி இருக்கும் இடத்தை அவளுக்கென்று விட்டுவிடுகிறார்கள். ஒரு கையால் தலை பின்ன முடியாது என்பதால் தினமும் காலையில் அப்பாதான் பின்னி விடுகிறார். பாதிப் பின்னலில் ஏதோ சொல்ல வாயெடுப்பார். அவள் காத்திருப்பாள். பிறகு அவர் ரிப்பன் கேட்பார், அவள் எடுத்துக் கொடுப்பாள்.