ராகுகாலத்தில் ஒரு கையெழுத்து

தன்னை ஊரைவிட்டு அனுப்பும் உத்தரவைப் பெல்சி தன் கையாலேயே டைப் அடித்தாள். காரைக்குடி நூல் மில்லில் பதினோரு வருடமாக அவள்தான் டைப்பிஸ்ட். வேறு யார் அடிப்பது?

1994 ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. மில்லில் சங்கம் தொடங்கிவிட்டோம் என்று தொழிலாளர்கள் காலை பத்து மணிக்கு முதலாளி உடையப்பனிடம் கடிதம் கொடுத்தார்கள். செயலாளர் என்று பெல்சியின் பெயர் இருந்தது. படித்த கையோடு அவர் அவளைக் கூப்பிட்டார். சென்னைக் கிளைக்கு மாற்றம், திங்கட்கிழமையே சேர வேண்டும். பள்ளத்தூரில் வாத்தியாராக இருக்கும் கணவனையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு அவள் எப்படிப் போவாள்? வேலையை உதறிவிடுவாள் என்றுதான் அவர் நினைத்தார். பெல்சி பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தாள். உத்தரவைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டு, ஆபீஸ் வழக்கப்படி நேரத்தையும் எழுதினாள்: காலை 11.10.

பெல்சி சென்னைக்குப் போகவில்லை; சங்கத்தின் பேரில் புகார் கொடுத்தாள். மூன்றாம் வாரம், செவ்வாய்க்கிழமை மதியம், தொழிலாளர் அதிகாரி அவளையும் உடையப்பனையும் அழைத்து விசாரித்தார்.

"எங்க ஆளை எங்குட்டு வேணாலும் மாத்துவோம். வேலைக்குச் சேர்த்த உத்தரவுலயே இருக்கு," என்றார் உடையப்பன்.

"மாத்தலாம், யாரு வேண்டாங்கறா? சங்கம் வச்சதுக்காக மாத்துனாத்தான் குத்தம். எதுக்காக மாத்துனீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"சென்னையில ஆள் பத்தலை. ஒரு மாசமா யோசிச்சு நிதானமாச் செஞ்சதுங்க."

நிதானம் என்றதும் பெல்சிக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு பேச்சும் வந்தது.

"ஐயா, ராகுகாலத்துல நீங்க பேனா மூடியைக்கூடக் கழட்ட மாட்டீக. அவசரத் தந்தி வந்தாலும் பிரிக்காம வச்சிருப்பீக. ஒரு மாசம் யோசிச்ச உத்தரவை, வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு எப்படிய்யா போட்டீக?"

அதிகாரியிடம் உடையப்பன் வேறு எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார். ராகுகாலம் என்று தெரிந்தே போட்டேன் என்று சொல்ல மட்டும் அவருக்கு நா எழவில்லை.

"கோவத்துல நேரம் பாக்கலை," என்றார் மெல்ல. "அந்தக் கடுதாசியைப் பார்த்த கோவம்."

அதிகாரி வேறொன்றும் கேட்கவில்லை. மாற்றலை ரத்து செய்வதாக எழுதி, கையெழுத்துப் போட உடையப்பன் முன்னால் வைத்தார். அவர் பேனாவை எடுத்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று இருபது.

"ராகுகாலம் நடக்குது. நாலரைக்கு மேல போட்டுத் தாரேன்."

அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். அதற்குள் பெல்சி வீட்டுக்குப் போகிற நாலு மணி பள்ளத்தூர் பஸ் போய்விடும். மாதா கோயிலுக்குப் போகிற அவளுக்கு ராகுகாலமும் கிடையாது, எமகண்டமும் கிடையாது. ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இருக்கட்டும் சார். இதையாவது ஐயா நேரம் பார்த்துப் போடட்டும்."