வலது கால் பொத்தான்

அந்த வீடியோ கேம் பெட்டியை டிவியில் மாட்டியபோது அழகுராஜாவுக்கு அதில் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கறிக்குழம்பு உண்ட மயக்கம் இருந்தும் தூக்கம் வரவில்லை. வாரம் முழுக்க ஜேசிபி சீட்டில் குலுங்கிய உடம்பு, படுத்த பிறகும் கொஞ்ச நேரம் உள்ளுக்குள் குலுங்கிக்கொண்டேதான் கிடக்கும். திருப்பரங்குன்றத்தில் பழைய வீடு ஒன்றை இடிக்குமுன் பரணை ஒழித்தபோது, கைலியில் சுற்றிய பொட்டலமாக அது கிடைத்தது. வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர், "எல்லாத்தையும் தூக்கிப் போட்டுருங்க" என்று போனிலேயே கைகழுவிவிட்டார். வண்டி முதலாளி முத்திருளன், "பிள்ளைக இருந்தா வெளையாடும், நீ என்னத்தப் பண்ணப்போற மாப்ள" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அழகுராஜா சிரித்துவைத்தான். அந்த மாதிரிப் பேச்செல்லாம் அவனுக்குப் பழகிப்போய் வெகுநாள் ஆகிறது.

பெட்டிக்குள் ஒரே ஒரு சிடி இருந்தது. உறையில் ஜப்பான்காரன் எழுத்து. தெருவுக்கு நடுவே மலைபோல் நிற்கும் ஓர் இரும்பு ஆள். பார்த்ததும் அவன் மனைவி தாமரைச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பகலெல்லாம் இடிச்சது பத்தலையாக்கும்? வீட்லயும் வந்து இடிக்கணுமா?"

கோமாளித்தனமான விளையாட்டுதான் அது. அந்த இரும்பு ஆள் ஓடாது, பறக்காது. இடது காலுக்கு ஒரு பொத்தான், வலது காலுக்கு ஒரு பொத்தான். மாறி மாறி அழுத்தினால் நடக்கும். அவசரப்பட்டால் குடிகாரன் மாதிரித் தள்ளாடி யார் வீட்டின் மேலாவது மல்லாக்க விழும். கைகளுக்கு இரண்டு குச்சிகள். அது அழகுராஜாவுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது, வண்டியின் லீவர் மாதிரியேதான். பிடிபடாதது வேறொன்று. இரும்பு ஆளுக்குள் நாம் இல்லை. விரல் அளவு மனிதனாக, கையில் ரிமோட்டுடன் தெருவில் நிற்கிறோம். சந்து பொந்தில் ஓடி, நமக்கென்று ஓர் இடம் பிடித்து, அங்கிருந்து அதை நடத்த வேண்டும். சுவரோரம் நின்றால் அதன் முழங்கால் மட்டும் தெரியும். அதுவே நம் பக்கம் திரும்பிக் காலைத் தூக்கினால் நாம்தான் ஓடி ஒதுங்க வேண்டும். இத்தனை வருஷம் மேலே உட்கார்ந்தே தெருவைப் பார்த்தவன் அவன். தெருவில் நின்று மேலே பார்ப்பது அவனுக்குப் புதிது.

இன்னொன்றும் இருந்தது. போனில் ஆடுகிற விளையாட்டுகளில் எதை உடைத்தாலும் அடுத்த ஆட்டத்தில் முளைத்து நிற்கும். இதில் உடைந்தது உடைந்ததுதான். கடலிலிருந்து ஏதோ ஒரு பிராணி வருகிறது, இரும்பு ஆள் அதோடு மல்லுக்கட்டுகிறது, ஜெயிக்கிறோம். மறுநாள் அதே தெருவில் நடந்து போனால் இடிந்த வீட்டைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் பக்கத்தில் நிற்கிறார்கள். நீலத் தகரக் கூரை போட்ட பலகாரக்கடை ஒன்று. முதல் நாளே அதன் மேல் இரும்பு ஆளின் குதிகால் பட்டுவிட்டது. மறுநாள் அந்தக் கடைக்காரி குடைக்குக் கீழே தட்டு வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். இவன் கிட்டே போனதும் நிமிர்ந்து பார்த்து ஏதோ சொன்னாள். திட்டினாளா, விசாரித்தாளா, தெரியவில்லை. வாய் மட்டும் அசைந்தது.

அவனுக்கு முகம் தெரிந்த ஆளைப் பார்த்ததுபோல் இருந்தது. ஜேசிபி கேபின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் இந்த வாய்தான். இன்ஜின் சத்தத்தில் ஒரு சொல்லும் அவனை எட்டியதில்லை. எட்டாமல் இருந்தது சவுகரியமாகவும் இருந்தது. அதை இப்போது நினைக்கச் சங்கடமாக இருந்தது.

முதலிலிருந்து மறுபடி ஆடினான். அந்தக் கடையைக் காப்பாற்றினால் இரும்பு ஆள் பள்ளிக்கூடத்தின் மேல் சாய்ந்தது. பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றினால் கடை போயிற்று. வேலை விட்டு வந்ததும் குளித்துவிட்டுத் தினமும் உட்கார்ந்தான். கேலி பேசிய தாமரைச்செல்வியும் காய் நறுக்குகிற தட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். "மெதுவா, மெதுவா... ஐயோ, அந்தப் பொம்பள கடை!" என்று அவளே பதறினாள். ஒருநாள் கேட்டாள்.

"ஒரு வீடு கூட ஒடையாம ஆட முடியாதாங்க?"

"முடியாது போல."

அந்த வாரம்தான் சோழவந்தான் சாலையை அகலப்படுத்தும் வேலை முத்திருளனுக்கு வந்தது. சாலையோர வீடுகளில் எதுவரை இடிப்பது என்று சிவப்புப் பெயின்டால் கோடு போட்டிருந்தார்கள். அழகுராஜாவின் அக்கா பாண்டீஸ்வரி வீட்டிலும் கோடு ஏறியிருந்தது. முன்னறை முழுக்கப் போகும். அடுப்படியும் அதை ஒட்டிய சின்ன அறையும் தப்பிக்கும். முன்னறையை அலுங்காமல் பிரித்தெடுத்தால் பின்பாதியில் குடியிருக்கலாம். கொஞ்சம் பிசகினாலும் பின்பாதியும் சேர்ந்து வந்துவிடும். அக்காவுக்கும் அவள் புருஷன் காளைக்கும் போக வேறு இடம் கிடையாது.

"ஒங்க அக்கா வீடு மாப்ள. வேற டிரைவரப் போட்டுக்கிறேன், அன்னிக்கு நீ லீவு எடுத்துக்க" என்றார் முத்திருளன். பெரிய மனசுதான். அழகுராஜாவும் அப்பாடா என்று சரி சொல்லிவிட்டான். மறுநாள் காலையில் அக்கா பஸ் ஏறி வில்லாபுரத்தில் அவன் வீட்டுக்கே வந்துவிட்டாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"வேற எவனும் என் வீட்டத் தொடக்கூடாது. நீதான் வரணும். கண்டவன் வந்து ஒரே இழுப்பா இழுத்துட்டுப் போயிருவான். அடுப்படியாச்சும் மிஞ்சணும்டா எனக்கு."

"எனக்குக் கை நடுங்கும்க்கா."

"நடுங்கட்டும். நடுங்குற கைதான் பாத்து இடிக்கும்."

"வாரேன்" என்றான்.

வேலை நாளன்று வெயில் ஏறும் முன்பே போய்விட்டான். எதை எதற்குப் பிறகு செய்வது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தான். முதலில் கோட்டின் மேலேயே கட்டிங் மிஷின் வைத்துக் கூரைக் கான்கிரீட்டை அறுத்து, முன்பாதிக்கும் பின்பாதிக்கும் உறவைக் கத்தரித்துவிட வேண்டும். அப்புறம் முன்னறை எப்படி விழுந்தாலும் பின்னால் ஆடாது. வாசல் நிலையைக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம். அந்த வாசல் நிலை அவன் கொடுத்தது. அக்கா வீடு கட்டியபோது பிறந்த வீட்டுச் சீராக, வேப்பமரத்தில் செய்து, மாலை போட்டு வண்டியில் ஏற்றி வந்தது. அதை நம்பியே கொத்தனார் வாசலுக்கு மேல் லிண்டல் கான்கிரீட் போடாமல் மேல்சுவரை எழுப்பியிருந்தான். மேல்சுவரின் கனம் முழுக்க அந்த நிலையின் தலையில்தான் இருந்தது.

அக்கா ஏற்கெனவே நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, சூடத்தோடு காத்திருந்தாள்.

"மொதல்ல கூரைய அறுத்துருவோம்க்கா. நிலைய அப்பறமா எடுப்போம்."

"நிலை நிக்கையில வீட்டு மேல இரும்பு படலாமாடா? பொறந்த வீட்டுச் சீரு அது. அதத்தான் மொதல்ல எறக்கணும்."

தெருவே அவள் பக்கம் தலையாட்டியது. அந்தப் பக்கத்து வழக்கமும் அதுதான். அவன் இடித்த எத்தனையோ வீடுகளில் நிலையைத்தான் முதலில் இறக்கிக் கொடுத்திருக்கிறான். அதெல்லாம் மொத்தமாக இடிக்கிற வீடுகள், பாதி நிற்க வேண்டிய வீடு இல்லை. இதை விளக்கிச் சொல்லியிருக்கலாம். அக்கா முகத்தைப் பார்த்ததும் சொல்ல வாய் வரவில்லை. மேல்சுவருக்குச் சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்து, காளையும் இரண்டு ஆட்களும் நிலையைப் பெயர்த்து வெளியே கொண்டுவந்தார்கள். அவர்கள் அதைத் தெருவுக்குக் கொண்டுபோய் மின்கம்பத்தை ஒட்டி நிமிர்த்தி நிறுத்திக் கயிறு கட்டுகிற நேரத்தில் ஒரு முட்டு வழுக்கியது.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. மேல்சுவர் ஒரு சாண் இறங்கி நின்றது. அதோடு கூரை முன்பக்கம் சாய, பக்கச்சுவரில் ஒரு வெடிப்பு கிளம்பி, கோட்டைத் தாண்டி அடுப்படிக்குள் ஏறியது. பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டது அழகுராஜாவுக்கு உறைத்தது. தன் மேலேயே அப்படியொரு வெறுப்பு வந்தது.

விட்டுவிட்டுப் போகவும் முடியாது. இனி ஒவ்வொரு நிமிஷமும் முன்பாதி பின்பாதியைப் பிடித்து இழுக்கும். ஜேசிபியைக் கிட்டே கொண்டுபோய், சாய்ந்த கூரைக்குக் கீழே அதன் மண் அள்ளும் பக்கெட்டை மெல்லக் கொடுத்துத் தாங்கிப் பிடித்தான். ஆட்கள் மேலே ஏறிக் கோட்டை அறுத்தார்கள். லீவரைப் பிடித்த கையை அவன் எடுக்கவில்லை. இங்கிருந்து பார்த்தால் அடுப்படிச் சுவர் தெரியவில்லை என்பதுதான் அவனை வதைத்தது. தெருவில் ஓர் ஆளாக நின்று பார்க்க முடிந்தால் தேவலை என்று இருந்தது. கூரை அறுபட்டதும் பக்கெட்டோடு சேர்த்து முன்னறையைச் சாலைப் பக்கமாக இறக்கினான். புழுதி எழுந்து எல்லாவற்றையும் மறைத்தது.

புழுதி அடங்க வெகுநேரம் பிடித்தது. அடங்கியபோது அடுப்படி நின்றுகொண்டிருந்தது. முன்சுவர் இல்லாமல், அடுக்குப் பானையும் சாமி படமும் கொடியில் கிடந்த துண்டும் சாலைக்கு அப்படியே தெரிந்தன. அடுப்புக்கு மேலே அந்த வெடிப்பும் தெரிந்தது. பஸ்ஸில் போனவர்கள் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

அக்கா உள்ளே போனாள். எல்லோரும் பார்க்க அடுப்பைப் பற்றவைத்தாள். பிறகு டீ டம்ளரோடு தெருவுக்கு வந்தாள். மின்கம்பத்தில் கட்டிய நிலை அவளுக்கும் வண்டிக்கும் நடுவே இருந்தது. சுற்றி வரலாம். அவள் வழக்கம்போல் தலையைக் கொஞ்சம் குனிந்து, நிலைப்படியில் கால் படாமல் தாண்டி அதன் வழியாக வந்து நின்றாள். கேபினைப் பார்த்து ஏதோ சொன்னாள். வாய் மட்டும் அசைந்தது.

அழகுராஜா சாவியைத் திருகினான். இன்ஜின் இருமி அடங்கியது.

"என்னக்கா?"

"நின்னுருமாடான்னு கேட்டேன்."

அவன் அடுப்படியைப் பார்த்தான். நிற்கும் என்று சொல்ல ஆசையாக இருந்தது.

"தெரியலக்கா."

அவள் கண் ஓரம் புழுதி ஈரமாகியிருந்தது. பிறகு டம்ளரோடு திரும்பி, வந்த வழியே நிலையைத் தாண்டினாள்.

"சரி, எறங்கி வா. வீட்டுக்கு வந்தவன் தெருவுல நின்னுக்கிட்டா குடிப்பான்? உள்ள வா."

அவன் இறங்கினான். நிலைக்கு இந்தப் பக்கம், தார்ச்சாலை ஓரத்திலேயே செருப்பைக் கழற்றி விட்டான். அவனுடைய கைக் கட்டைவிரல் ஒரு முறை தானாக, இல்லாத பொத்தானை அழுத்தியது. குனிந்து, வலது காலைத் தூக்கிப் படிக்கு அந்தப் பக்கம் வைத்தான். அடுப்படியில் வெடிப்பிலிருந்து சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டிருந்தது. அக்கா டீப் பாத்திரத்தைத் தட்டால் மூடினாள்.