கறிக்குப் பிறகு கிணறு

சஹனைச் சுற்றி உட்கார்ந்தவர்கள்: பெங்களூரிலிருந்து வந்த முத்துவீரன், அவன் மனைவி இந்து, கடை முதலாளி ஹமீது, சமைத்தவளும் ஹமீதின் மனைவியுமான நூர்பானு.

சஹன் என்பது நாலு பேர் சேர்ந்து கைவைத்துச் சாப்பிடும் பெரிய தட்டு. ராஜபாளையத்தில் தன் வீட்டு மாடிக்கு ஏசி போட்டு, வெள்ளைத் துணி விரித்து, ‘ஃபைன் டைனிங்’ என்று போர்டு மாட்டியிருந்தார் ஹமீது. தட்டு மட்டும் சஹன்தான். ஜோடியாக வந்தால் இன்னும் இரண்டு பேர் சேரும்வரை காத்திருக்க வேண்டும். இன்று வேறு யாரும் வரவில்லை. வீட்டுக்காரர்களே கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

குற்றாலம் போகிற வழியில் ஒரு நாள் இறங்கியிருந்தார்கள் இந்துவும் முத்துவீரனும். காலையில் லாட்ஜைக் காலி செய்துவிட்டு அய்யனார் கோவில் அருவியைப் பார்த்தாயிற்று. மிச்சம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோவிலில் இருக்கும் கிணறு. ஆண்டாள் மாலையைச் சூடி அதில்தான் முகம் பார்த்தாள் என்கிறார்கள். எட்டிப் பார்த்தால் நம் முகம் தெரியுமா, வெறும் இருட்டா? இந்து பெங்களூரிலிருந்தே இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். சாயங்காலம் நடை திறந்ததும் பார்த்துவிட்டு ரயிலைப் பிடிக்க வேண்டும்.

ஹமீது மூடியைத் திறந்தார். நெய்ச்சோறு, மேலே ஆட்டுக்கறி, எலும்பு மிதக்கும் பருப்புக் குழம்பான தால்சா. அப்போதுதான் இந்துவுக்கு உறைத்தது. மத்தியானம் கறி, பிறகு கோவில் என்று திட்டம் போட்டவள் அவளேதான்.

அவள் பெரிய பக்தை அல்ல. ஆனால் கறி தின்றுவிட்டுக் கோவில் வாசலை மிதித்ததில்லை. ஏன் என்று கேட்டால் தெரியாது. மிதித்ததில்லை, அவ்வளவுதான்.

தட்டின் ஓரத்துச் சோற்றை விரலால் அளைந்தாள். நல்ல துண்டாகப் பார்த்து அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவது சஹனில் மரியாதை. ஹமீது ஒரு துண்டைத் தள்ளினார். அவள் அதைப் புருஷன் பக்கம் நகர்த்தினாள். அவன் தின்றான். ஹமீது இன்னும் இரண்டைத் தள்ளினார். அவையும் புருஷன் பக்கமே போயின.

“ஏங்க, செத்த நேரம் கைய வச்சிக்கிட்டுச் சும்மா இருங்க,” என்றாள் நூர்பானு. “ஏம்மா, நான் ஆக்குனது நல்லால்லியா?”

“ஐயோ, அதில்லக்கா. வாசனையே ஆளத் தூக்குது. இனிமே ஆண்டாள் கோவிலுக்குப் போணும். கிணத்தப் பாக்கணும்.”

“ஏட்டி, அதுல ஒன் மூஞ்சிதான் தெரியும்,” என்றான் முத்துவீரன். “நான் தெனமும் பாக்கேன். ஒண்ணும் விசேசமில்ல.”

“நீங்க பேசாம தின்னுங்க.”

நூர்பானு சிரித்துவிட்டாள். “எதுத்த வீட்டு இருளம்மா ஞாயித்துக்கெழம இங்கதான் கறி திம்பா. இங்கயே தலைக்கு ஊத்திக்கிட்டு, ஈரத்தலையோட கோவிலுக்குப் போவா. எம்புட்டு வருசமாப் போறா! சாமி ஒண்ணும் கேட்டதில்ல. குழாயில தண்ணி வருது தாயி, தின்னு.”

இந்து யோசித்தாள். பையில் மாற்றுத்துணி இருந்தது. புருஷன் பக்கம் கையை நீட்டினாள்.

“அந்த ரெண்டையும் இங்க தள்ளுங்க. என் பங்கு.”

கறி எலும்பிலிருந்து தானாகக் கழன்று வந்தது. நல்லி எலும்பைச் சத்தம் வர உறிஞ்சினாள். ஹமீது தள்ளியதையெல்லாம் தின்றாள்.

தட்டு காலியானதும் நூர்பானு டவலும் ஷாம்பு பாக்கெட்டும் கொண்டுவந்தாள்.

“எனக்கும் ஒரு டவல் குடுங்கக்கா,” என்றான் முத்துவீரன். “நானும் பாக்கணும்ல.”

“விசேசமில்லன்னீய?” என்றாள் இந்து. “நான் வந்த பொறவு, நேரம் இருந்தாப் பாப்போம்.”

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டாள்.