நடந்து வந்த கடுக்காய் மரம்

காட்டுக்குள் நின்ற கடுக்காய் மரம் ஒன்று துறட்டிக்காரியின் கொல்லைக்கு வந்து சேர இரண்டு வருஷமும் நாலு மாதமும் பிடித்தன. காட்டோரத்து வீடுதான், ஆனாலும் மரத்தின் நடை மரத்தின் நடைதானே. வாரத்துக்கு நாலைந்து அடி, மழையில் மண் இளகினால் ஏழு. வழியில் பள்ளிக்கூடத்துச் சுவர் குறுக்கிட்டபோது இடிக்காமல் சுற்றிக்கொண்டு வந்தது என்பதை ஊரில் மரியாதையாகவே சொன்னார்கள். தன் மேலிருந்து விழுந்து முட்டி உடைந்தவளைப் பார்க்க வருகிறது என்றும் சொன்னார்கள். அவள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மரத்தில் கால் பங்கு காயை மானுக்கும் பறவைக்கும் விட்டுவைப்பது காய் பொறுக்குகிறவர்களின் வழக்கம். அந்தக் கால் பங்குக்கு ஆசைப்பட்டு உச்சிக்கிளைக்கு ஏறியது அவள்தான். கேட்டவர்களிடமெல்லாம், தப்பு மரத்தின் மேல் இல்லை என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது.

பொறுக்கி, உலர்த்தி, மருந்துக் கம்பெனிக்குச் சேர்ந்து விற்கிற பதினாறு பெண்களில் அவள் ஒருத்தி. மூன்று பருவம் தொடர்ந்து காய் கொண்டுவராதவளின் உறுப்பினர் அட்டை அடுத்தவளுக்குப் போய்விடும். விதியை எழுதிய நாளில் முதல் கையெழுத்துப் போட்டவளும் அவளே. இரண்டு பருவம் வெறுங்கையாகப் போயிருந்தது. அந்த அட்டை போய்விட்டால் தான் ஒரு ஆளே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. கூடவே காய் பொறுக்குகிற நாத்தனாருக்கு மனசு கேட்கவில்லை.

"அண்ணி, என் மூட்டையில பாதிய உங்க பேர்ல போட்டுடறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

மூன்றாம் பருவம் தொடங்கிய வாரம் மரம் கொல்லைச் சுவரைத் தாண்டி உள்ளே வந்து, சமையலறைக்கு அடியில் வேரை நீட்டி, நின்றது. கிளை கொள்ளாத காய். அவள் முக்காலியில் உட்கார்ந்தபடி துறட்டியால் இழுத்தாள், நகர்ந்து நகர்ந்து பொறுக்கினாள், சமையலறைத் தரையெல்லாம் பரப்பி உலர்த்தினாள். கால் பங்கை இந்த முறை தொடவில்லை. அதைத் தின்ன மான்கள் வந்தன. ஒன்று கொடியில் கிடந்த புடவையையும் மென்றது, அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது.

கம்பெனியின் சோதனைக்காரர் நல்ல மனிதர். மரம் நடந்து வந்ததில் அவருக்குச் சந்தேகமே இல்லை, தடத்தை நாடா வைத்து அளந்து குறித்துக்கொண்டார். காயை உடைத்துப் பார்த்து, முதல் தரம் என்றார். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அவர்கள் வாங்குவது காட்டுக் காய் மட்டும்.

"கொல்லையில நிக்கிற மரம் தோட்டத்து மரம்மா. நான் என்ன பண்ண?"

"நான் நடல, தண்ணி ஊத்தல, வான்னு கூப்பிடவும் இல்ல. அதுவா வந்துச்சு."

"வந்தது சரி. காட்டு எல்லைக்கல் அங்கேயே நிக்குதே."

அவள் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலை நாத்தனாரின் தோளைப் பிடித்துக்கொண்டு வன அலுவலகத்துக்கு நடந்தாள். பத்து நிமிஷ வழி, ஒன்றரை மணி நேரம் ஆனது. கல்தானே தடை, கல்லை நகர்த்தினால் போகிறது என்பது அவள் கணக்கு. தன் கொல்லையையும் சமையலறையையும் காட்டுக்குக் கொடுத்துவிடுவதாக மனு எழுதினாள். காட்டிலிருந்து நிலம் கேட்டுத்தான் அங்கே மனுக்கள் குவிந்திருந்தன, காட்டுக்கு நிலம் கொடுக்கிற மனுவை எந்தக் கோப்பில் வைப்பது என்று குமாஸ்தாவுக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிகிறவரை அவள் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒன்பது நாள் போய் உட்கார்ந்தாள். பத்தாம் நாள், அந்த அம்மாவுக்கு ஒரு வழி பண்ணுங்கள் என்று அதிகாரியே நில அளவைக்காரரை அனுப்பினார். முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே, நிலைப்படியை ஒட்டி, வெள்ளையடித்த கல்லை நட்டார்கள்.

பருவம் முடிய மூன்று நாள் இருக்கும்போது அவள் மூட்டைகள் மற்றவர்களுடையதோடு லாரியில் ஏறின. அட்டையில் அந்தப் பருவத்தின் முத்திரை விழுந்தது. காட்டில் தீ மூட்டக் கூடாது என்பதால் அடுப்பை முன்னறைக்கு மாற்றிக்கொண்டாள். தினமும் விடிந்ததும் துறட்டியை எடுத்துக்கொண்டு, கல்லைத் தாண்டி, மற்ற பதினைந்து பேரைப் போலவே காட்டுக்குப் போகிறாள். படி இறங்கும்போதுதான் முட்டி கொஞ்சம் வலிக்கிறது.